விழுதலும் ஓர் ஒழுக்கம்

நெய்தல் திணையை ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்திவரும் நாங்கள் மூவரும் இடுப்பளவுக்கு மேல் கடலுக்குள் இறங்கியது நாற்பது வயதைக் கடந்த பிறகுதான். துறையில் எங்களுக்கு இளையவரான நண்பர் ஒருவரின் வற்புறுத்தல் அது. சென்னைக்குத் தெற்கே கோவளம் அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற ஊராகிவிட்டதைப் பலரும் அறிவர். 2013 முதல் அங்கே அலைச்சறுக்கு விழாக்கள் நடந்திருக்கின்றன. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தேசியப் போட்டிகளில் வென்று திரும்பியிருக்கிறார்கள். அந்த ஆர்வம் பரவி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து வேறு சில கடற்கரைகளிலும் பலகைகளை வாடகைக்கு விடும் கடைகள் முளைத்துள்ளன. அப்படியொரு கடற்கரையில்தான் ஞாயிறு காலைகளில் நாங்கள் பலகையேறப் பழகினோம். சென்ற ஆனி மாதத்து ஞாயிறொன்றில் எங்கள் பலகை ஒரு சிறுவனின் தோளில் மோதியது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

நாங்கள் ஓட்டுவது, படுத்துக் கையால் நீரைத் தள்ளிச் சென்று அலை வந்ததும் எழுந்து நிற்கும் சிறு பலகை அன்று. முதலிலிருந்தே நின்றுகொண்டு, ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஒற்றைத் துடுப்பால் செலுத்துவது. ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு என்பார்கள். துடுப்புப் பலகை என்று சொல்லிக்கொள்வோம். (‘நில்புணை’ என்றொரு சொல்லை எங்களில் ஒருவர் ஆக்கித் தந்தார். மற்ற இருவரும் ஒப்பவில்லை.) ஹவாயின் வைகீகி கரையில் வெளியூராருக்கு அலைச்சறுக்குக் கற்பித்துவந்தவர்கள், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், மாணாக்கரைக் கண்காணிக்கவும் வருகிற அலையைத் தொலைவிலேயே காணவும் பெரிய பலகைகளில் துடுப்புடன் நின்றார்கள் என்பது இதன் பழைய வரலாறு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவி தீவின் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்றோர் அதற்குப் புத்துயிர் தந்தார்கள். பழகுவோர் ஏறும் பலகை ஏறத்தாழ 10 அடி நீளமும் 30 அங்குல அகலமும் 10 கிலோ எடையும் கொண்டது. ஏரியிலும் கழியிலும் இதைப்போல் சாதுவான பொருள் வேறில்லை. நின்றுகொண்டே ஊர் பார்த்துவரலாம். ஆனால் அலை உடையும் இடத்தில் கொண்டுபோய் இதைத் தனியே விட்டால், நுரையின் முன்னே குறுக்காக உருண்டுவரும் கதவு அது.

அன்று அலை பெரிதாக இல்லை. மார்பளவு இருந்தால் அதிகம். எங்களில் ஒருவர் அலையொன்றைப் பிடித்துக் கரைநோக்கி வந்தவர் நிலை தவறிக் கடற்பக்கமாக விழுந்தார். எவர் என்பதை எழுதுவதில்லை என்று முடிவுசெய்துள்ளோம். அந்தக் காலை அப்பலகை மூவரில் எவர் காலடியிலும் இருந்திருக்கலாம். விழுந்தவர் பலகையைப் பிடிக்க முயலவில்லை. கணுக்காலில் கயிறு கட்டியிருக்கிறதே, அது எங்கே போய்விடும்? ஆனால் கயிற்றின் பட்டையிலிருந்த வெல்க்ரோ நாட்பட்டது. இழுப்புக்குத் தாங்காமல் பிரிந்துவிட்டது. பலகை நுரையோடு போயிற்று. கரையோரம் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கூவிக்கொண்டு விலகினார்கள். பத்து வயதிருக்கும் ஒருவன் மட்டும் முதுகைக் காட்டி நின்றிருந்தான். காறையெலும்பு முறிந்தது. ஒரு சாண் மேலே பட்டிருந்தால் கழுத்து என்றார் மருத்துவர். அவர் அதைச் சொல்லும்போது சிறுவனின் தாயார் அருகில் இருந்தார்.

பிறகு கேட்க நேர்ந்த சமாதானங்கள்தாம் எங்களை இதை எழுதவைத்தன. பலகை ஓட்டும் இடத்தில் பிள்ளைகள் ஏன் குளிக்கிறார்கள் என்றார் ஒருவர். அந்தக் கரை அந்தப் பிள்ளைகளின் பாட்டன் காலத்திலிருந்து அவர்களுடையது. வாடகைப் பலகையோடு நாங்கள் வந்தது சென்ற ஆண்டு. கடல் என்றால் அடிபடத்தான் செய்யும் என்றார் இன்னொருவர். அடிபட்டது கடலால் அன்று, எங்களால். கயிறு பழையது, கடைக்காரர் மீது குற்றம் என்று எங்களுக்கு வேண்டிய நண்பர்களே ஆறுதல் சொன்னார்கள். கடைக்காரருக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் பட்டையை இருமுறை இழுத்துப் பார்க்க ஒரு நொடி போதும், நாங்கள் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை, கயிறு இருக்கிறது என்ற துணிவில் பலகையைப் பற்றிய நினைப்பையே விட்டது. காற்கயிறு பலகையை நம்மோடு வைத்திருக்கும் கருவி என்பது உண்மை. அதுவே பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும் என்று நாம் நம்பத் தொடங்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

இந்தக் கயிற்றுக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1970-களின் தொடக்கம்வரை அலைச்சறுக்குவோர் கயிறு கட்டியதில்லை. விழுந்தால் பலகை கரைக்குப் போகும், ஓட்டியவர் பின்னாலேயே நீந்திப் போகவேண்டும். பாறைக் கரையாயின் பலகை உடையும். ஆகவே விழாமல் ஓட்டவும், விழுந்தாலும் பலகையைக் கைவிடாமல் பற்றவும் எல்லாரும் கற்றார்கள். கலிபோர்னியாவின் சாந்தா குரூசில் பேட் ஓ’நீல் என்ற இளைஞர் ரப்பர்க் குழாயொன்றால் பலகையைத் தம்மோடு பிணைத்துக்கொண்டு வந்தபோது மற்றவர்கள் எள்ளி நகையாடினார்கள். கற்றுக்குட்டிகளின் கயிறு என்றார்கள். அவருடைய தந்தை ஜாக் ஓ’நீல், குளிர்நீர் உடைகளால் உலகப் புகழ் பெற்றவர். அவருடைய இடக்கண் போனது இந்தக் கயிற்றால்தான். இழுபட்ட ரப்பர் சுருங்கியபோது பலகை திரும்பிவந்து முகத்தில் அடித்தது. பின்னாளின் படங்களில் அவர் கண்ணில் கறுப்புப் பட்டையோடு நிற்பதைக் காணலாம். அதன்பின் அவ்வளவாக நீளாத யூரிதேன் கயிறுகள் வந்தன. நகைத்தவர்களும் கட்டிக்கொண்டார்கள்.

கயிறே வேண்டாம், கைத்திறன் போதும் என்று இன்றும் வாதிடுவோர் உளர். நாங்கள் அந்தக் கட்சியில்லை. பழகுநர் கயிறின்றி அலைக்குள் போவது கொடுமை. ஆனால் கயிறு கட்டிய பலகையும் ஒரு கணக்குக்கு உட்பட்டது. 10 அடிப் பலகைக்கு ஏறத்தாழ 10 அடிக் கயிறு. விழுந்தவர் காலிலிருந்து அளந்தால் பலகையின் மூக்கு 20 அடி தொலைவுவரை போய் அடிக்கும். அந்த வட்டத்துக்குள் யாருமில்லை என்று அறிந்தவருக்கே பலகையை விட உரிமை உண்டு. கயிறு அறுந்தாலோ பிரிந்தாலோ அந்த வட்டம் கரைவரை நீளும். ஆதலால் நமக்கும் கரைக்கும் இடையில் குளிப்போர் இருக்கும்போது அந்த அலையையே பிடிக்கலாகாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம்தான், நாங்களும் கேட்கவில்லை.

சரி, எப்படி விழுவது? அன்றைய நிகழ்ச்சிக்குப் பிறகுதான் தேர்ந்தவர்களிடம் போய்க் கேட்டோம். கற்றதை இயன்றவரை சொல்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மூலமான விதி ஒன்றே: பலகை கரைப்பக்கம், நாம் கடற்பக்கம். அலை தள்ளும் பொருளுக்கு முன்னால் நிற்பவர் அடிபடுவார். அலையேறி வரும்போது நிலை தவறினால், பின்புறமோ பக்கவாட்டிலோ அலையின் முதுகை நோக்கி விழவேண்டும். பலகைக்கு முன்னே குதிக்கலாகாது. விழுகிறோம் என்று தெரிந்துவிட்ட பிறகு பலகைமேல் மீண்டும் நிலைகொள்ளக் கைகால்களை வீசிப் போராடுவதுதான் பழகுநர் செய்யும் பெரிய தவறு. அந்தப் போராட்டத்தில் விழும் இடத்தைத் தேரும் வாய்ப்புப் போய்விடுகிறது. பலகைமேலேயே விலா படும்படி விழுவோம், அல்லது அதன் அடியிலுள்ள ஃபின் தொடையைக் கிழிக்கும். ஒரு கணம் முன்னதாகவே தோல்வியை ஒப்புக்கொண்டு, பலகையைவிட்டு விலகி விழுபவர் நலமாக எழுகிறார்.

தலைகீழாகப் பாய்வது கூடவே கூடாது. அலை உடைகிறது என்றாலே அங்கே ஆழம் குறைவு என்று பொருள். கீழே மணல்திட்டு இடுப்பளவில் இருக்கலாம். கழுத்தெலும்பு முறிவது அப்படித்தான். உடலைப் பரப்பி, தட்டையாக, நீரின் மேற்பரப்பிலேயே விழவேண்டும். முதுகோ புட்டமோ முதலில் படட்டும். அழகாக இராது, உண்மைதான். பிறகு உடனே எழலாகாது. அலை கடக்கும்வரை நீருக்குள்ளே பொறுத்து, இரு கைகளாலும் தலையையும் முகத்தையும் மூடியபடி மெல்ல எழவேண்டும். ஜாக் ஓ’நீலின் கண் நினைவிருக்கட்டும்: இழுபட்ட பலகை திரும்பிவருகிற நேரமும் நாம் மூச்சுக்காகத் தலைதூக்குகிற நேரமும் பெரும்பாலும் ஒன்றே.

எழுந்ததும் முதல் வேலை கண்ணைத் துடைப்பதன்று, பலகையைப் பற்றுவது. கயிற்றைப் பிடித்து இழுத்துப் பலகையின் வாலை எட்டவேண்டும். கயிற்றைக் கையிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளக்கூடாது. அடுத்த அலை பலகையை இழுக்கும்போது விரல் போன கதைகள் உண்டு. வாலில் கயிறு கோக்கப்பட்ட இடத்தை ஒட்டிப் பிடித்தால் பத்தடிக் கயிறு ஓரடியாகச் சுருங்கிவிடுகிறது. பலகையின் மூக்கு கரையைப் பார்க்க, நாம் கடலைப் பார்க்க, நுரை கடந்துபோகும். குறுக்காகப் பிடித்தவரைப் பலகையோடு சேர்த்து உருட்டிவிடும்.

கடலுக்குள் போகும்போது எதிரே அலை உடைந்து வருவது வேறு வகை. சிறிய நுரையாயின் முழங்காலை மடக்கி, ஒரு காலைச் சற்றுப் பின்னே வைத்து, மூக்கை அலைக்கு நேரே நிறுத்தி, துடுப்பை அழுத்தி இழுத்தால் ஏறிக் கடந்துவிடலாம். கடக்க முடியாது என்று தோன்றினால் முதலில் திரும்பிப் பின்னால் பார்க்கவேண்டும். யாரேனும் இருந்தால் என்ன ஆனாலும் பலகையை விடக்கூடாது. வாலைக் கட்டிக்கொண்டு அலையை வாங்கிக்கொள்ளவேண்டியதுதான். யாரும் இல்லையென்றால் மட்டுமே பலகையைக் கரைப்பக்கம் விட்டுக் கடற்பக்கம் மூழ்கலாம். திரும்பிப் பார்க்கும் அந்த அரை நொடி எங்களுக்கு இன்னும் பழக்கமாகவில்லை. எதிரே வருவது நம்மை விழுங்க வருவதுபோல் இருக்கையில் முதுகுப்பக்கம் நிற்கும் அயலாரை நினைப்பது, ஒப்புக்கொள்கிறோம், இயல்பாக வருவதில்லை.

துடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விழும்போது அதை உடலைவிட்டு விலக்கி, நீர்மட்டத்தோடு கிடையாக, கைநீட்டிப் பிடிக்கவேண்டும். நெஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே வந்தால் விலா முறியும். பலகையா துடுப்பா என்று வந்தால் துடுப்பை விட்டுவிடலாம். அது மிதக்கும், பிறகு எடுத்துக்கொள்ளலாம். வாடகைக் கடைக்காரர்கள் துடுப்புக்காகவே அதிகம் பதறுகிறார்கள் என்பது எங்கள் அனுபவம்.

அந்தக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் விபத்தன்று எங்களைப் பார்த்துக் கேட்டது ஒன்றே: “மரத்துக்கும் கரைக்கும் நடுவுல ஆளு இருக்கறப்ப கைய விடுவாங்களா, சார்?” அவர் பலகை என்று சொல்லவில்லை, மரம் என்றார். இளமையில் கட்டுமரம் ஓட்டியவர். இன்று அந்தக் கரையில் எல்லாம் ஃபைபர் படகுகள். மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் நின்றும் மண்டியிட்டும் துடுப்புப் போட்டு, உடையும் அலையைக் கடந்து போன மக்களுக்கு இந்த விளையாட்டின் இலக்கணம் புதிதன்று. வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்திருக்கிறார். அவர்கள் மொழிக்குள்ளும் அச்சொல் போயிற்று. துறைமுகம் கட்டப்படாத சென்னையில், நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து பயணிகளை மசூலாப் படகுகள் அலைகளூடே கரைக்குக் கொண்டுவந்தபோது, கவிழ்ந்தால் காப்பாற்றுவதற்கெனக் கட்டுமரங்கள் கூடவே வந்ததையும் பழைய பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். கவிழ்தலை ஓர் அவமானமாகவோ வேடிக்கையாகவோ அவர்கள் கருதவில்லை. அது தொழிலின் ஒரு பகுதி. அதற்கும் முறை உண்டு. ஹவாயைப் பற்றித் தேடிப் படித்த நாங்கள், நூறு தப்படி தொலைவில் இருந்த இந்த மனிதரிடம் முதல் நாளே ஏன் போய் நிற்கவில்லை என்பது எங்களுக்கே விளங்கவில்லை.

இலக்கியம் படித்தவர்கள் ஆதலால் ஒன்றைச் சேர்க்க அனுமதி வேண்டுகிறோம். புனலாட்டில் பற்றிக்கொள்ளும் மிதவைக்குப் புணை என்று பெயர். குறுந்தொகையின் 222-ஆம் பாட்டில், தோழி புணையின் எந்தப் பக்கத்தைப் பற்றுகிறாளோ அந்தப் பக்கத்தையே தலைவியும் பற்றுகிறாள். தோழி அதை விட்டு நீரோடு போனால் அங்கும் உடன் போவாள் போலும் என்று தலைவன் எண்ணுகிறான். நாங்கள் இதை அன்பின் பாட்டாகவே இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்தோம். அன்பின் பாட்டுத்தான். ஆனால் நீரில் மிதக்கும் பொருளை ஒருவர் பற்றுவதும் விடுவதும் அருகிலிருக்கும் இன்னொருவரின் போக்கைத் தீர்மானிக்கிறது என்ற மிக எளிய உண்மையும் அதன் அடியில் கிடக்கிறது. ஆற்றில் இறங்கிப் பார்த்தவரே அதை எழுதியிருக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறு என்றதும் ஓர் எச்சரிக்கை. இது இல்லாமல் போனால் மேலே சொன்னதெல்லாம் தீங்காகவே முடியலாம். கணுக்காலில் கட்டும் கயிறு அலைக்கடலுக்கு உரியது. ஓடும் ஆற்றில் அதுவே எமன். வேரிலோ தூணிலோ கயிறு சிக்கினால் வெள்ளம் ஆளை ஒரு பக்கமும் பலகையை மறுபக்கமும் இழுத்து நீருக்குள் அழுத்திவிடும். குனிந்து கணுக்காலை எட்ட இயலாது. 2021 அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் ஹாவர்ஃபோர்டுவெஸ்ட் ஊரில், வெள்ளம் பெருகிய ஆற்றுத் தடுப்பணை ஒன்றின்மேல் துடுப்புப் பலகையர் குழு சென்றபோது நால்வர் இறந்தார்கள். அந்தப் பயணத்தையே தொடங்கியிருக்கக் கூடாது என்பது பெரிய குற்றம். அதற்காக நடத்தியவருக்கு 2025-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. பொருந்தாத காற்கயிறும் விசாரணையில் பேசப்பட்டது. ஆற்றுக்கும் கழிமுக நீரோட்டத்துக்கும் இடுப்பில் கட்டி, ஓர் இழுப்பில் கழற்றிவிடக்கூடிய கயிறே ஏற்றது. கயிறு கட்டினாயா என்று மட்டும் கேட்பது எவ்வளவு அரைகுறையான கேள்வி என்பதற்காக இதைச் சொன்னோம்.

கடற்கரைப் பயிற்சி பெரும்பாலும் நிற்பதில் தொடங்குகிறது. முதல் நாளே நின்றுவிட்டால் படம் எடுத்துக்கொள்ளலாம், அடுத்த வாரமும் வருவார்கள். வணிகத்துக்கு அது சரி. எங்கள் கருத்தில், முதல் நாள் முழுவதும் விழக் கற்றுக்கொடுக்கவேண்டும். இருபது முறை விழுந்து, இருபது முறையும் வாலைப் பற்றிக்கொண்டு எழாத ஒருவரை அலை உடையும் இடத்துக்கு அனுப்பக்கூடாது. வருவோர் குறைவார்கள் என்றால் குறையட்டும்.

ஆவணியில் மீண்டும் போனோம். துடுப்பை எடுத்துக்கொள்ளவில்லை. புதிய வெல்க்ரோ வைத்த கயிறுகளை நாங்களே வாங்கிப் போயிருந்தோம். குளிப்போர் இல்லாத வடபக்கத்தில், இடுப்பளவு நீரில், முறைவைத்து விழுந்துகொண்டிருந்தோம். கைத்தொட்டில் கழற்றப்பட்ட அந்தச் சிறுவன், தண்ணீரில் இறங்கக்கூடாதென்று தாயார் சொல்லியிருந்ததால், கரையில் உட்கார்ந்து எண்ணினான். தலை மூடாமல் எழுந்தவற்றை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. மூவரில் எவரும் அன்று இருபதை எட்டவில்லை.